கழிவு போக நூற்று நாற்பத்தொன்று

பிளாரன்ஸ் இருபத்தொன்பது வயதுக்குள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆறு வயதில் வந்த டைபாய்டு காய்ச்சலை ஜெயித்தாள். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டவள் அவள். வேம்பார் பஸ்ஸில் அவள் பருமனைப் பார்த்து இரண்டு டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரை, டிப்போ மேனேஜர் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தாள். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாதவளுக்கு வேலை கிடையாது என்று சொன்ன நிலவாகை இலைக் கம்பெனிக்குச் சொந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரே வாரத்தில் மற்றப் பெண்களைவிட இரண்டு கூடை கூடுதலாக இலை தரம் பிரித்துக் காட்டினாள். பெண் பார்க்க வந்து வாசலிலேயே சிரித்த மாப்பிள்ளையை, காப்பி ஆறுவதற்குள் திருப்பி அனுப்பினாள். மதுரையில் ஒரு பெரிய டாக்டர் பொய்க்காரி என்று விரட்டிய பிறகு, அதே டாக்டரைத் தன் பேச்சைக் கேட்க வைத்தாள்.

இந்தக் கடைசி வெற்றி உயிர் சம்பந்தப்பட்டது. அதற்காக அவள் போராட வேண்டி வந்ததற்குக் காரணம், அவளுடைய அண்ணன் இனிகோ.

இனிகோ தூத்துக்குடியில் ஓர் உப்புக் கிடங்கில், ஊர்ப்பேச்சில் கிட்டங்கியில், எடை எழுத்தர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். உப்பளத்திலிருந்து வரும் உப்பு மூடைகளைப் பிளாட்பாரத் தராசில் ஏற்றி, நிறுத்து, புத்தகத்தில் எழுதி, சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். இருபது வருஷத்தில் அவன் எழுதிய சீட்டு ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. அதில் அவனுக்குக் கர்வம் உண்டு.

1976-ஆம் வருஷம் பிளாரன்ஸால் படுத்துத் தூங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தாள். முழங்கால் மூட்டு இரண்டும் வீங்கி, சர்க்கரையும் வந்துவிட்டது. ஊர் டாக்டர், இருதயம் இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் அதிகம் என்றார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அமெரிக்காவில் படித்த டாக்டர் அற்புதமணி வந்திருக்கிறார், உடம்பு குறைய ஆபரேஷன் செய்கிறார் என்று சொல்லிக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, மேல்முனையையும் கீழ்முனையையும் சேர்த்துத் தைத்துவிடுவார்களாம். அந்த டாக்டரும் டிசம்பர் கடைசியில் திரும்ப வெளிநாடு போகிறார். அதற்குள் ஆனால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பனிமய மாதா திருவிழா முடிந்த மறுவாரம், ஆகஸ்ட் 11, புதன்கிழமை, அண்ணனும் தங்கையும் மதுரைக்குப் போனார்கள். அறையில் டாக்டரைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள் நின்றார்கள். டாக்டர் இனிகோவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க தங்கச்சி ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடறா?"

"காலையில ரெண்டு இட்லி, டாக்டர்," என்றாள் பிளாரன்ஸ்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பவில்லை. "எல்லாரும் ரெண்டு இட்லின்னுதான் சொல்வாங்க," என்று மாணவர்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். இனிகோவுக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினான். இதை அவன் பின்னாளில் பலமுறை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறான்.

நர்ஸ் அவளை எடை பார்க்கும் மிஷினில் ஏற்றினாள். முள் நூற்றிருபதைத் தொட்டு, அதற்கு மேல் போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது.

"இறங்கும்மா, இறங்கு! மிஷின் கெட்டுப்போகும்."

டாக்டர் சொன்னார்: "ஊர்ல ஏதாவது பெரிய தராசுல நிறுத்து, சீட்டைத் தபால்ல அனுப்புங்க. அந்த எடையிலேர்ந்து பத்து கிலோ குறைச்சுக் காட்டணும். ஏழு வாரம் டைம். குறையலைன்னா வரவே வேண்டாம். நாக்கைக் கட்டத் தெரியாதவளுக்கு ஆபரேஷன் செஞ்சு என்ன பிரயோஜனம்?"

"தராசு என் கையிலயே இருக்கு, டாக்டர்," என்றான் இனிகோ பெருமையாக.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சுமைக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அவளைக் கிட்டங்கிக்கு வரச் சொன்னான். யாரும் சாப்பிடப் போகவில்லை. பிளாரன்ஸ் தராசில் ஏறியதும் வட்டமாகக் கூடிவிட்டார்கள். எடைக்கல்லைத் தூக்கி வைத்தவள் இசக்கியம்மாள். சுமை தூக்கும் பெண்களுக்குத் தலைவி, வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"ஏ, வந்து பாருங்கடி! சரியா ரெண்டு மூட! ஒரு சிறங்க கூடவும் இல்ல, கொறையவும் இல்ல! அண்ணாச்சி, இத லாரியில ஏத்தவா, கப்பல்ல ஏத்தவா?"

"கப்பல்லயே ஏத்துக்கா," என்றாள் பிளாரன்ஸ் தராசிலிருந்து இறங்கியபடியே. "நீ இருக்குத ஊர்ல எனக்கு என்ன சோலி?"

கிட்டங்கியே சிரித்தது. இனிகோவுக்குச் சிரிப்பு வரவில்லை. "போங்கடி, போய்ச் சோலியப் பாருங்க!" என்று கத்தினான். எடைப் புத்தகத்தை இழுத்து, அந்தக் கோபத்திலேயே எழுதி, சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். அன்றைக்கே தபாலில் சேர்த்தான்.

பிறகு வந்த நாட்களில் பிளாரன்ஸ் பட்ட பாட்டை அவனுடைய மனைவி அமலோற்பவம்தான் கூட இருந்து பார்த்தாள். காலையில் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சி. மத்தியானம் கீரையும் அவித்த மீன் ஒரு துண்டும். ராத்திரிக்கு மோர். தேங்காய் கிடையாது, எண்ணெய் கிடையாது. எல்லாவற்றையும் அமலோற்பவம் அளந்து வைக்க, இனிகோ ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினான். ஒரு ஞானஸ்நான வீட்டில் எல்லாரும் பிரியாணி சாப்பிட, பிளாரன்ஸ் மோரைக் குடித்துவிட்டு வந்தாள். "மெலிஞ்சு ராணியாகப் போறாளாம்," என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவளுடைய சட்டைகளை அமலோற்பவம் இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள்.

செப்டம்பர் 29, புதன்கிழமை, மறுபடி மதுரை. இந்தத் தடவை ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் அரிசி மூடை நிறுக்கும் தராசைக் கொண்டு வந்து போட்டிருந்தார்கள். நூற்று முப்பத்தொன்பது.

டாக்டர் கோப்பிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு நூத்தி நாப்பத்தொண்ணு. இன்னைக்கு நூத்தி முப்பத்தொம்பது. ஏழு வாரத்துல ரெண்டு கிலோ." இனிகோ கொண்டுவந்த சாப்பாட்டு நோட்டை மேஜைமேல் போட்டார். "இந்த நோட்டு பொய் சொல்லுது. இல்லேன்னா இவ பொய் சொல்றா."

"நான் பொய் சொல்லல," என்றாள் பிளாரன்ஸ்.

"கூட்டிட்டுப் போங்க, மிஸ்டர். நெசமாவே பட்டினி கிடக்கிறவங்க வெளியில காத்திருக்காங்க." ஆபரேஷன் பட்டியலில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்.

அந்த நேரத்தில் இனிகோ யாரை நம்பினான்? தன் சீட்டை நம்பினான். தன் தராசும் தன் கையும் தப்பாது என்று நம்பினான். எட்டயபுரம் வரை பஸ்ஸில் வாயைத் திறக்காமல் வந்தவன், அதற்கு மேல் அடக்க முடியாமல், முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டான்.

"எங்கன ஒளிச்சு வச்சுத் தின்ன?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேர்ந்ததும் அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து கொட்டினான். தலையணைக்கு அடியில் பார்த்தான். தையல் கூடையைக் கவிழ்த்தான்.

"என்ன தேடுதிய?" என்றாள் அமலோற்பவம்.

"மூணு பேருமா சேர்ந்து பட்ட கஷ்டத்த இவ தின்னு தீர்த்துட்டா. அதத் தேடுதேன்."

"கஞ்சி ஊத்துனது நான். அப்பம் என்னையும் சேத்துத் தேடுங்க. சட்டைய ரெண்டு வட்டம் பிடிச்சுத் தச்சேனே, அது காத்துக்கா?"

"தராசு பொய் சொல்லாது!"

பிளாரன்ஸ் கேட்டாள். "அந்தச் சீட்டுல எவ்வளவு போட்டிருந்திய?"

"இன்னைக்கு டாக்டர் சொன்னாரே, கேக்கலியா? நூத்தி நாப்பத்தொண்ணு."

"ஒரு மூட எத்தன கிலோ?"

"எழுபத்தஞ்சு."

"அப்பம் ரெண்டு மூட?"

இனிகோ கவிழ்த்த தையல் கூடையைக் கீழே வைத்தான்.

"இசக்கியம்மா ஊருக்கே கேக்கும்படி கத்துனாளே, சரியா ரெண்டு மூடன்னு. அந்தப் பேச்ச நான் சாகுத வரைக்கும் மறக்கமாட்டேன். அவ பொய் சொன்னாளா, உங்க சீட்டு பொய் சொல்லுதா?"

மறுநாள் காலையில் கிட்டங்கியைத் திறந்ததும் அவன் முதலில் எடுத்தது ஆகஸ்ட் மாதத்து எடைப் புத்தகம். கார்பன் நகலில் அவனுடைய கையெழுத்து தெளிவாக இருந்தது. மொத்தம் 150. கழிவு 9. நிகரம் 141.

அளத்திலிருந்து வரும் உப்பு ஈரமாக இருக்கும். அதற்காக நூற்றுக்கு ஆறு கிலோ ஈரக் கழிவு போட்டுத்தான் எழுதுவது வழக்கம். வெளியே கொடுக்கும் சீட்டில் கழிவு போக மிச்ச எடை மட்டும்தான் இருக்கும். இருபது வருஷமாக அந்தக் கை செய்து பழகிய காரியம். அன்றைக்குக் கோபத்தில் அவன் மனம் இசக்கியம்மாளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கை தன் பாட்டுக்குத் தங்கைக்கும் ஈரக் கழிவு போட்டுவிட்டது.

அவள் குறைத்தது பதினொரு கிலோ.

புத்தகத்தோடு வீட்டுக்கு ஓடி வந்து, அப்படியே சொன்னான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் கத்தினாள்.

"நான் என்ன, அளத்துலேர்ந்து வாரி வந்தவளா, அண்ணன்? ஏழு வாரம்! பசியில காது அடைச்சுக் கெடந்தேன். அத ஒரு கோட்டுல கழிச்சுட்டிய. அதுக்கு மேல பஸ்ஸுல வச்சு என்னத் திருடியாக்குனிய."

"தப்புதான்."

"தப்பு எல்லாருக்கும் வரும். நான் அதச் சொல்லல. என்னப் பத்தி எழுதுன கடுதாசிய நீங்க வாசிச்சிய, டாக்டர் வாசிச்சாரு, அந்த நர்ஸு வாசிச்சா. நான் மட்டும் வாசிக்கல. எனக்கு எழுத்துத் தெரிஞ்சிருந்தா, சீட்டக் கிழிச்ச அன்னைக்கே கேட்டிருப்பேன். என்னப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துனது யாரு?"

நிறுத்தியவன் இனிகோதான். காய்ச்சல் விட்டு உடம்பு பெருத்த தங்கையை இரண்டாம் வகுப்புப் பையன்கள் கேலி செய்தபோது, ஒருவனை அடித்துப் பல்லை உடைத்துவிட்டு வந்து, இனிமேல் இவளை அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் அடம் பிடித்தான். அப்போது அவனுக்கு வயது பதினாறு. அவளுக்காகச் செய்ததாகத்தான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

"நோட்ட இங்கன குடுங்க," என்றாள். "இனிமே நான் எழுதுதேன். மதினி சொல்லித் தரட்டும்."

இனிகோ தன் தப்பை விவரமாக எழுதி, கார்பன் நகலையும் வைத்து டாக்டருக்கு அனுப்பினான். பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது: நவம்பர் 17 வரலாம், வேறு எதுவும் இப்போது சொல்வதற்கில்லை. நவம்பர் வரைக்கும் இன்னும் ஏழு வாரம் பிளாரன்ஸ் கஞ்சியை விடவில்லை. காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அமலோற்பவம் எழுதிக் காட்ட, அவள் கோணல்மாணலாக எழுதிப் பழகினாள். நோட்டில் 'கஞ்சி', 'கீரை', 'மோர்' என்று அவளுடைய எழுத்து வர ஆரம்பித்தது. கோபம் மட்டும் ஆறவில்லை. அண்ணனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 17 அன்றும் அதே அறை, அதே மாணவர்கள்.

"நீங்கதான் உப்புத் தராசுக்காரரா?" என்றார் டாக்டர். இனிகோ ஈரக் கழிவை விளக்கிச் சொன்னான். மாணவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டான். டாக்டரும் சிரித்துவிட்டு, "சரி, உங்க தப்புக்கு நான் என்ன செய்யறது? லிஸ்ட் நிறைஞ்சாச்சே," என்றார்.

"டாக்டர்," என்றாள் பிளாரன்ஸ். "கொறைச்சது நான். இங்கன நிக்குதேன். நீங்க சீட்டுக்கிட்ட கேட்டீங்க. நோட்டுக்கிட்ட கேட்டீங்க. எங்க அண்ணன்கிட்ட கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம பொய்க்காரின்னீங்க. இன்னைக்கு இதே தராசுல நிறுங்க. அன்னைக்கு நூத்தி முப்பத்தொம்பது, நீங்களே நிறுத்தது. அதுலயிருந்து ஒரு கிலோ கொறையலன்னாலும் நான் நடந்து ஊருக்குப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. நிறுத்தார்கள். நூற்று முப்பத்தொன்று. டாக்டர் தானே குனிந்து எடைக்கல்லைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆபரேஷனைப் பற்றி அவளிடமே சொன்னார். வயிற்றுப்போக்கு வருஷக்கணக்கில் இருக்கும், ஆயுசு முழுக்க மாத்திரை, ஈரல் கெடலாம், மேஜையிலேயே உயிர் போகவும் கூடும்.

"எத்தன பேருக்குச் செஞ்சிருக்கீங்க?"

"ஒன்பது பேருக்கு."

"எத்தன பேரு உயிரோட இருக்காங்க?"

டாக்டர் மாணவர்களை ஒரு தடவை பார்த்தார். "எட்டு."

"செய்யாட்டா எனக்கு எத்தன வருஷம்?"

"ரெண்டு. மிஞ்சினா மூணு."

"செய்ங்க," என்றாள்.

டாக்டர் லிஸ்ட்டை வாங்கி, அதன் அடியில் அவள் பெயரைச் சேர்த்து, டிசம்பர் ஆறாம் தேதி என்று குறித்தார். நர்ஸ் சம்மதப் படிவத்தை இனிகோவிடம் நீட்டினாள். பிளாரன்ஸ் முன்னால் கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்து வைத்தாள். இனிகோ பழக்கத்தில் பேனா மூடியைக் கழற்றிவிட்டான்.

"வயிறு யாருது, அண்ணன்?" என்றாள் பிளாரன்ஸ்.

அவன் பேனாவை அவளிடம் கொடுத்தான். அவள் மைப்பெட்டியை நர்ஸ் பக்கமாகத் தள்ளினாள். படிவம் இங்கிலீஷில் இருந்தது. "இத வரி வரியாத் தமிழ்ல சொல்லுங்க. கேட்டுட்டுத்தான் போடுவேன்," என்றாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு மாணவனுக்குக் கண் காட்டினார். அவன் பக்கத்தில் வந்து நின்று, முதலிலிருந்து கடைசி வரைக்கும், ஒரு வரி விடாமல் படித்துச் சொன்னான். இரண்டு இடத்தில் அவள் நிறுத்தி, மறுபடியும் சொல்லச் சொன்னாள். முடிந்ததும் மேஜைமேல் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல் போட்டாள். அறையில் அத்தனை பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

பிளாரன்ஸ் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 1976 நவம்பர் 17, புதன்கிழமை.