ஒன்பது மணி அழைப்பு

நம்பாவிட்டால் போகட்டும். பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. நொடிக் கணக்கோடு.

தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு எங்கள் நிறுவனம் தினமும் காலை 9.00 மணிக்கு போன் செய்யும். பேசுவது மனிதர் அல்ல, இயந்திரம். "நலமாக இருந்தால் எண் 1-ஐ அழுத்துங்கள்." அழுத்தினால் சரி. இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தகவல் போகும்.

பட்டன் ஒலியை இயந்திரம் எவ்வளவு கறாராகக் கேட்க வேண்டும் என்று ஒன்று முதல் பத்து வரை அளவு வைப்பது என் வேலை. ஆகக் குறைந்த அளவில் இரைச்சல்கூடப் பட்டனாகத் தெரியும். பத்தில் சுத்தமான பட்டன் ஒலி மட்டும்தான் தேறும்.

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு பெரியவரின் மகள் புகார் செய்தார். அப்பா அழுத்துகிறார், மெஷினுக்குக் கேட்கவில்லை. நேரில் போய் அந்தப் போனைப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவர் எண்ணுக்கு மட்டும் அளவை ஏழிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். புகார் நின்றது.

சென்ற மாதம் ஒரு வெள்ளி மாலை, பக்கத்து வீட்டார் அவர் கதவை உடைத்தார்கள். திங்கள் இரவே இறந்துவிட்டார் என்றார் மருத்துவர்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நான்கு காலையும் எங்கள் பதிவில், எண் 1. நலம்.

மறு வாரம் மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

"ஒரு மணிக்கு அந்தப் பெரியவரோட பொண்ணு வருது. என்ன சொல்லப் போற?"

"சோதிச்சுப் பாக்கறேன் சார்."

"ரெண்டுல வச்சா ஈ தும்மினாகூட பட்டன்னுதான்யா நினைக்கும்."

சாப்பிடப் போய்விட்டார். மணி 12.10. அறையில் நான் மட்டும்.

ஐந்து முறை மணி அடித்தால் பெரியவர் வீட்டு போன் தானாகவே எடுத்துக்கொள்ளும். மகள் அப்படி வைத்திருந்தார். டிவி நான்கு நாளும் ஓடியிருக்கிறது. அந்தச் சத்தத்தை இயந்திரம் பட்டன் என்று எடுத்திருக்கும். அப்படியானால், ஒருவர் நான்கு நாள் கேட்பாரற்றுக் கிடந்ததற்குக் காரணம் நான்.

கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேன். அழைப்பின் ஒலிப்பதிவுப் பெயர், அளவு. எந்தப் பட்டன், எத்தனையாவது நொடி என்று பதில் வரும்.

முதலில், அவர் உயிரோடிருந்த நாட்கள். இருபது பதிவுகள். அளவு 2 வைத்தால் எல்லாவற்றிலும் எண் 1. அளவு 4 வைத்தால் ஒன்றிலும் இல்லை. காதில் மாட்டிக் கேட்டேன். டிவி. அவர் இருமல். பட்டன் ஒலியே கிடையாது.

12.31. செவ்வாய்ப் பதிவு.

அளவு 4. எண் 1, பதினோராம் நொடி.

அளவு 8. அதே வரி.

அளவு 10... அதே வரி.

சுத்தமான பட்டன் ஒலி. தப்பு என்னுடையது அல்ல. மூச்சு வந்தது.

அடுத்த மூச்சு வரவில்லை. அவர்தான் திங்களே போய்விட்டாரே...

12.36. புதன். அளவு 10. எண் 1, மூன்று தடவை.

12.39. வியாழன். ஒன்பது தடவை.

12.41. வெள்ளி. திரை நிறைந்து மேலே ஓடியது. 1... 1... 1...

காதில் மாட்டினேன். டிவியில் யாரோ சிரித்தார்கள். காலடிச் சத்தம் இல்லை. இருமல் இல்லை.

பத்தாம் நொடியில் சிரிப்பு மங்கியது. டிவிக்கும் போனுக்கும் நடுவே ஆள் வந்து நின்றால் மங்குமே... அப்படி.

பிறகு பட்டன்.

மிக அருகில்.

கழற்றி எறிந்தேன்.

12.58. கதவு தட்டப்பட்டது. மகள். கையில் ஒரு பை.

"வீட்டை ஒழிக்கும்போதுதான் சார் பாத்தேன்" என்று போனை எடுத்து மேசையில் வைத்தார். "அப்பா எதையும் மாத்த விடமாட்டார். உடைஞ்சா ஒட்டுப் போட்டு வச்சுக்குவார்."

எண் 1 இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்திரி. பிரித்தேன். குழி. உள்ளே பட்டன் அழுத்த வேண்டிய தகடே இல்லை.

"அந்தப் புகார் கொடுத்தப்பவே இப்படித்தான் இருந்திருக்கணும். நான்தான் கவனிக்கல."

போனைச் சோதனை லைனில் செருகினேன். மற்ற பட்டன்களை அழுத்தினேன். 2, 3, 4 என்று திரையில் வரிசையாக வந்தன. பேனா முனையால் குழியைக் குத்தினேன். அளவை ஆகக் கீழே இறக்கிக் குத்தினேன்.

திரை காலி.

"அப்போ அவர் ஒரு நாளும் அழுத்தவே இல்லையா சார்? மெஷின்தான் தப்பா கேட்டுச்சா?"

"ஆமாம்மா. மெஷின்தான். அளவு வச்சது நான்."

அவர் அழுதார். நான் திரையை அணைத்தேன்.

அவர் உயிரோடிருந்த நாட்களுக்கு நான் சொன்னது உண்மை.

கடைசி நான்கு காலைகளுக்கு இல்லை.