மச்சான் மீசையும் நான்கு புள்ளிகளும்

இன்று உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டருக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வருடம் காலமான என் மச்சானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, தோட்டத்துச் சமாதியில் வைக்க முகம் பொறித்த கல் தயாராகிறது. இருந்த ஒரே போட்டோவில் மீசை மங்கல். டிசைன் கடை பர்வீன் அதைத் திரையில் வரைந்திருந்தாள். கல்லில் ஏறிவிட்டால் திருத்த முடியாது.

கூட வந்திருந்த அக்கா பார்த்தாள். "இது அவுக இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாப்பா, கோட்டுமேல புள்ளிய நெறையா வையி. இதுல நான் புலி" என்றேன்.

வைத்தாள். மீசை கன்னாபின்னாவென்று நெளிந்தது.

"மாமா, இது மீசையா, குமுளி மலை ரோடா?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு பக்கத்துக்கு நான்கே புள்ளி வைத்தாள். இரண்டு, கோட்டின் முனைகளில். மற்ற இரண்டும் கோட்டைத் தொடாமல் தள்ளி நின்றன. அவற்றை இழுக்கும் பக்கமெல்லாம் மீசை வளைந்தது.

"எங்கன இழுக்கணும், அக்கா?" என்று பர்வீன் கேட்டாள்.

"இடது பக்கம் கொஞ்சம் கீழ. கோவம் வந்தா அங்கனதேன் கடிப்பாக."

பர்வீன் ஒரு புள்ளியைக் கீழே இறக்கினாள்.

அக்கா திரையைத் தொட்டாள். "இப்பத்தேன் என்னைய மொறைக்கிறாக" என்றவள், அழுதாள். கடையே எழுந்து நின்றது.

தொடாமலே கோட்டை வளைக்கும் அந்தப் புள்ளி என் கண்டுபிடிப்பு என்று எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி முழுக்கச் சொல்லிவிட்டேன். பர்வீன்கூட மறுக்கவில்லை.

மச்சான் இருந்தால், "ஏலே, பத்தாவது பெயிலு" என்று ஒரே வரியில் மறுத்திருப்பார்.

அவர் இடத்தில் மறுக்க யாராவது இருக்கிறீர்களா?