எட்டாங்கட்டை மேட்டு மண்

நான் கொட்டிய மண்ணை எடுத்து வாயில் போட்டுப் பார்த்த வாடிக்கையாளர், என் முப்பது வருட டிப்பர் லாரி வேலையில் ஒரே ஒருவர்தான். பெயர் சரஸ்வதி. ஈப்போவில் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் பகுதியில் வேலை பார்த்தார். நான் சரசக்கா என்று கூப்பிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. லாரி சீன முதலாளியான தவுக்கேயுடையது, ஸ்டியரிங் மட்டும்தான் என்னுடையது. ஆனாலும் மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திமிர் இருந்தது. இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளும் அதே வாயோடுதான் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

1. கடைசி லாரி

அக்கா வாங்கிய வீடு, ஈயம் தோண்டி எடுத்து முடித்த பழைய லம்பத்து நிலத்தில் கட்டியது. முற்றம் முழுக்க வெள்ளை மணல். ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளம். மழை வந்தால் தண்ணீர் வாசற்படி ஏறிவிடும்.

அந்த மாதிரி இடத்தைச் செம்மண் போட்டு உயர்த்த வேண்டும். அதையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ரோலர் ஓட்ட வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிவு இருக்க வேண்டும். மண்ணில் வேரும் மரக்கட்டையும் இருந்தால், அவை மக்கிப்போன பிறகு மேலே உள்ள தரை இறங்கிவிடும். இதையெல்லாம் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி அக்காவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கீழ எந்த மண்ண வேணும்னாலும் போடு தம்பி. மேல போடுற கடைசி லாரி மட்டும் நான் சொல்ற எடத்துலேருந்து வரணும். எட்டாங்கட்டைத் தோட்டத்துல மேடு வெட்டுறாங்கல்ல? ஆயாக்கொட்டகைக்குப் பின்னாடி ரெண்டு பலா மரம் நிக்கும். அதுக்கு நடுவுல உள்ள மண்ணு. வேற வேணாம்லா."

"செம்மண்ணுதானேக்கா, எங்கேருந்து வந்தா என்ன?"

"நான் பொறந்து வளந்த எடம். பூச்செடி வைக்கணும்."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2. பலா மரங்களுக்கு நடுவில்

எட்டாங்கட்டை ரப்பர் தோட்டம் கோலா கங்சார் போகும் ரோட்டில் எட்டாவது மைலில் இருந்தது. கம்பெனி விற்றுவிட்டுப் போய், சனங்கள் ஆளுக்கொரு பக்கம் கலைந்து பல வருடம் ஆகியிருந்தது. வீடுகள் கட்டுவதற்காக மேட்டைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற ஆயாக்கொட்டகை, கூரையில்லாமல் நாலு தூணாக நின்றது.

நல்ல வெயில். மிச்சமிருந்த பால்மரங்களில் காய்கள் வெடித்து, கொட்டைகள் பட் பட்டென்று என் முதுகுக்குப் பின்னால் விழுந்தன. அது எனக்குப் பழகிய சத்தம்தான். ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன்.

பலா மரங்களுக்கு நடுவில் வெள்ளைக் காசித்தும்பை பூத்திருந்தது. சுற்றிலும் லாலான் புல் இடுப்புயரம். அந்தக் கட்டில் அகலத்து இடத்தில் மட்டும் ஒரு புல் இல்லை, யாரோ உட்கார்ந்து களையெடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஆளே இல்லாத தோட்டத்தில் யார் வந்து களையெடுக்கிறார்கள்?

ஷவல் ஓட்டுகிற அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னலா இது, யாரோ பாத்துப் பாத்து வச்சிருக்காங்க? வெட்டவா வேணாமா?"

"வெட்டுங்கண்ணே, கஸ்டமர் கேட்ட மண்ணு."

வெட்டினார். அந்த மண் மற்ற மண்ணைவிட இளகலாக, பொலபொலவென்று விழுந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஈப்போவுக்குள் நுழைகிற இடத்தில் தவுக்கே சாலையோரம் நின்று கையை ஆட்டினார். சாப்பாட்டுக்கடை வைத்திருந்த காதர் பாய் வீட்டில் மகள் கல்யாணம். பந்தல் போடுகிறவர்கள் வந்து காத்திருக்கிறார்கள், முற்றத்துக்கு ஒரு லாரி மண் குறைகிறது. இந்த லோடை அங்கே கொட்டச் சொன்னார். இது சொல்லி வைத்த மண் என்றேன்.

"செமுவா தானா சாமாலா!" என்று சத்தம் போட்டார். எல்லா மண்ணும் ஒன்றுதானாம்.

காதர் பாய் வீட்டில் கொட்டினேன். அதுவரை தவுக்கே மேல் பழி போடலாம். அதற்குப் பிறகு செய்தது முழுக்க என் வேலை. சிம்பாங் பூலாய் பக்கம் வெட்டிய செம்மண்ணை ஏற்றிக்கொண்டு போய் அக்கா வீட்டில் கொட்டினேன். நிறம் அச்சு அசல் அதே நிறம். யாருக்குத் தெரியப்போகிறது?

அக்கா வேலை விட்டு வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார். வாயில் போட்டு மென்றார். துப்பினார்.

"இது அந்த மண்ணு இல்ல."

"அந்த மண்ணுதான்க்கா. எங்கம்மா மேல சத்தியமா."

"வயித்துப் புள்ளையோட அஞ்சு மாசம் அந்த மேட்டு மண்ண ஒளிச்சு வச்சுத் தின்னவ நான். எனக்குத் தெரியாதா தம்பி?"

அக்கா குவியலைச் சுற்றி வந்தார். ஓரத்தில் ஒரு சிட்டிகை, உச்சியில் ஒரு சிட்டிகை, அடியில் ஒரு சிட்டிகை. ஒவ்வொன்றையும் வாயில் போட்டுத் துப்பினார். பட்டப்பகலில், ரோட்டில் சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்கும்போது, எனக்கு முதுகு சில்லிட்டது. உண்மையைச் சொல்லாமல் லாரியில் ஏறி ஓடிவிட்டேன்.

மறுநாள் எட்டாங்கட்டைக்குப் போய்ப் பார்த்தால் பலா மரங்கள் இல்லை. அந்த மேடும் இல்லை.

3. காதர் பாய் முற்றத்துப் பள்ளம்

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மூன்றாவது வாரம் பாய் கூப்பிட்டு அனுப்பினார். முற்றத்தில் ஒரே ஓர் இடத்தில் தரை இறங்கியிருந்தது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் பேசின் அளவுதான் இருக்கும். நிரப்பி, இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டு வந்தேன். அடுத்த மழைக்கு அதே இடம், அதே நீளம், அதே அகலம். திரும்ப நிரப்பினேன். திரும்ப இறங்கியது.

"உள்ள கட்டை மக்குது பாய்" என்றேன். கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தேன். கட்டை எதுவும் தட்டுப்படவில்லை. பள்ளத்தைச் சுற்றி வெள்ளைக் காசித்தும்பை முளைத்திருந்தது. பாய் வீட்டுப் பூனை நாள் முழுக்க அந்தப் பள்ளத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. விரட்டினாலும் திரும்பி வந்து படுத்தது.

"வீட்டுல பொம்பளைங்க அந்தப் பக்கமே வர மாட்றாங்க மணியம். நாளைக்கு சிமெண்டு போட்டு மூடிடப் போறேன். ஆளுக்குச் சொல்லியாச்சு" என்றார் பாய். பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். "நேத்து மழையில இது மேல வந்துச்சு. என்னான்னு பாரு."

பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பித்தளைப் பாலாடை. பச்சை பிடித்துப் போயிருந்தது.

களையெடுத்த இடம், இளகலாக விழுந்த மண், அக்கா துப்பித் துப்பிச் சுற்றி வந்தது, எல்லாம் ஒன்றாக வந்து என் நெஞ்சில் அடித்தன. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. பாலாடையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு ஓட்டினேன்.

அக்கா வாசலில் நின்றிருந்தார். அவர் முற்றத்தில் ஒரு புல்கூட முளைக்கவில்லை. மண்ணை மாற்றிக் கொட்டியதையும், பொய்ச் சத்தியம் செய்ததையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் திட்டவில்லை.

"பாலாடை கெடச்சுதா?" என்று கேட்டார்.

பாலாடையைப் பற்றி நான் அதுவரை வாயே திறக்கவில்லை.

"நாப்பது நாளுதான் இருந்தான் தம்பி. நாந்தான் அத அவன் கைப்பக்கத்துல வச்சு அனுப்புனேன். மாசா மாசம் பஸ் ஏறிப் போய்ப் புல்லப் புடுங்கிட்டு வருவேன். மேடு வெட்டப் போறாங்கன்னு கேள்விப்பட்டதும் ஆபீசுல போய்ச் சொன்னேன். அங்க எழுதி வச்ச சுடுகாடு இல்லன்னுட்டாங்க. யாரு வீட்டுக் கார் நிக்கிற எடத்துல போயி அவன் கெடப்பானோன்னுதான் என் வீட்டுக்குக் கேட்டேன். உங்கிட்ட உள்ளதச் சொல்லியிருந்தா நீ ஏத்தியிருப்பியா?"

ஏற்றியிருக்க மாட்டேன். ஆளை விடு என்று ஓடியிருப்பேன்.

4. துப்பாமல்

மறுநாள் சிமெண்டு ஆட்கள் வருவதற்கு முன்பே அக்காவை லாரியில் ஏற்றிக்கொண்டு காதர் பாய் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் பலமாகத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"கபர் மண்ணு மேல சிமெண்டு போடுறதுக்கு நான் யாரு? மண்வெட்டிய எடு மணியம். அக்கா, ஒங்களுக்கு எது வரைக்கும் வேணுமோ எடுத்துக்கோங்க. முத்தம் முழுக்க வேணும்னாலும் சரி."

அக்கா பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டார். பூனை எழுந்து, சோம்பல் முறித்து, தானாக விலகிப் போனது. அக்கா பள்ளத்து அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார்.

அந்தத் தடவை துப்பவில்லை. விழுங்கிவிட்டு, "இதான்" என்றார். அப்புறம்தான் அழுதார். நானும் அழுதேன்.

கையாலேயே வெட்டி, அரை லாரி மண் ஏற்றினோம். அக்கா வீட்டில் டிப்பரைத் தூக்கிக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. கூடை கூடையாக இறக்கிப் பரப்பினேன். பாலாடையை அக்கா தன் கையாலேயே புதைத்தார். ரோலர் ஓட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு, எந்த வீட்டில் மண் கொட்டுவதற்கு முன்பும் இது எங்கே வெட்டிய மண் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான் கொட்டினேன். வெட்டும் இடத்தில் யாராவது பார்த்துப் பார்த்து வைத்த செடி இருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் வெட்ட விட்டதில்லை. தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான். மண் எல்லாம் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காதர் பாய் முற்றம் பிறகு இறங்கவே இல்லை. இளகல் மண்ணை எடுத்துவிட்டுக் கெட்டியாக நிரப்பியதால்தான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த வருடம் பெருமழைக்குப் பிறகு அக்கா வீட்டு வழியாகப் போனபோது, வாசலுக்கு நேராக, வெள்ளைக் காசித்தும்பைக்கு நடுவில், பேசின் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. ரோலர் ஓட்டாத மண் இறங்கத்தான் செய்யும். லாரியை நிறுத்தி, மேலே கொஞ்சம் மண் போட்டு நிரப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

அக்கா பள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வேணாம் தம்பி. படுத்திருக்கான், அப்படியே இருக்கட்டும்" என்றார்.