மாடி வராத வீடு

ரஞ்சிதாவின் தெருவில் எல்லா வீடும் ஒரே உயரம். மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துச் சிற்பப் பாறைக்கு நூறு மீட்டருக்குள் இருக்கிற தெரு அது. தொல்லியல் துறைச் சட்டப்படி புதிதாக ஒரு சுவர்கூட எழுப்பக் கூடாது. ஒழுகுகிற கூரையைச் சரிபண்ணவும் அனுமதி வாங்க வேண்டும். பாறை பார்க்க வருகிறவர்கள் தெருவையும் படமெடுத்துக்கொண்டு, "எவ்ளோ அழகா வச்சிருக்காங்க!" என்று மெச்சுவார்கள். அவர்களுக்கென்ன, சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார்கள்.

அவள் கணவர் பூவராகவன் இந்த வீட்டுக்குத் தளம் போட்டபோது, மகன் கிஷோருக்கு மேலே ஒரு மாடி எடுக்கலாமென்று தூண்களின் கம்பிகளை நீட்டி விட்டுவைத்தார். பிறகு சட்டம் இறுகியது. அவரும் போய்ச் சேர்ந்தார். கம்பிகள் மட்டும் நின்றன. துருப்பிடிக்காமல் இருக்க மழைக்கு முன்னால் ரஞ்சிதா வருஷா வருஷம் அவற்றுக்குச் சிமெண்டுப் பால் பூசுவாள். தெருவே சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை.

கீழே இருப்பது ஒரே அறை. அதையும் பிளைவுட் வைத்துத் தடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் ரஞ்சிதா, அந்தப் பக்கம் கிஷோரும் மனைவி அனுவும். தும்மினால்கூடக் கேட்கும். அனுவுக்கு இப்போது ஏழாம் மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரஞ்சிதா தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவர்கள் பேசினார்கள்.

"சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வூடு பாத்துக்கலாம்னு எத்தினி வாட்டி சொல்றேன். உன் கம்பெனிக்கும் கிட்ட."

"அம்மாவ எப்டி வுட்டுட்டு வர்றது? அதான் மாடி வரப்போவுதுல்ல."

"எப்ப வரும்? நீயே சொல்லு."

அந்தக் கேள்வி ரஞ்சிதாவுக்குச் சுருக்கென்றது. வராத மாடியைக் காட்டித்தான் பிள்ளையை இத்தனை நாள் கட்டிப்போட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. தன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் வெல்டிங் கடை மணியைக் கூட்டிவந்தாள்.

"இன்னாக்கா, இத்தினி வருஷம் காப்பாத்திகினு இருந்துட்டு இப்ப அறுக்கச் சொல்ற?"

"கேள்வி கேக்காத. அறு."

சாயங்காலம் வேலைவிட்டு வந்த கிஷோர் வாசலில் கிடந்த கம்பிகளைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க?"

"மாடி வராதுடா. எனக்கு எப்பவோ தெரியும். நீ அனுவக் கூட்டிகினு போ. கொழந்தையாவது காத்தோட்டமா வளரட்டும். எனக்கு இங்க லாட்ஜுல வேல கீது, நான் இருந்துக்கறேன்."

அவன் முரண்டு பிடிப்பான், நாலு நாளாவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று எதிர்பார்த்து, சமாதானம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தாள்.

கிஷோர் முகம் தெளிந்தது. பல மாதமாக அவள் பார்க்காத தெளிவு.

"சரிம்மா," என்றான். "ஞாயித்துக்கெழம வண்டி சொல்லிடட்டா?"