சிலிபின் போன மண்ணெண்ணெய் ஐஸ்பெட்டி

ஐஸ்பெட்டி விற்பது லேசான தொழில் அல்ல. அதிலும் உள்ளே வைக்க ஒன்றுமே கிடைக்காத காலத்தில் அதை விற்றவனைக் கேட்டால்தான் தெரியும். கடையில் நின்று, வருகிறவர் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். நானும் உங்கள் கூட்டம்தான்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் ஈப்போவில் ஒரு பழைய சாமான் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி சீனர், தவுக்கே என்போம். அதற்கு முன் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரன். துரைமார் ஓடிப்போனதும் அவர்களுடைய சாமான்கள் எப்படி எப்படியோ கைமாறி எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தன. மண்ணெண்ணெய் ஐஸ்பெட்டியைக் கொளுத்தத் தெரிந்தவன் என்பதற்காகவே தவுக்கே எனக்குச் சோறு போட்டார். அந்த நாளில் அது பெரிய உபகாரம்.

கீழே நெருப்பு

ஈப்போவை ஒட்டிய சிலிபினிலிருந்து கந்தையா ஐயா வந்தார். ஆஸ்பத்திரியில் காயம் கட்டி ஊசி போடுகிற டிரெஸ்ஸர், யாழ்ப்பாணத்துக்காரர். கூடவே அவர் மனைவி பொன்னம்மா அக்கா. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி, ஊசி போட்டால்தான் உயிர். எங்கெங்கோ சொல்லி வைத்துச் சேர்த்த ஊசி மருந்து வீட்டில் இருந்தது. இந்த வெக்கையில் அது கெட்டுப்போனால் வேறு மருந்துக்கு வழியே இல்லை. ஐயா இதைத் தணிந்த குரலில் சொன்னார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பெட்டிகளின் கதவுகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

கடையில் மூன்று இருந்தன. கரண்டுப் பெட்டி அழகு. ஆனால் கரண்டு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மரப்பெட்டிக்கு அன்றாடம் ஐஸ்கட்டி வேண்டும். ஐஸ் எல்லாம் ஜப்பான்காரனுக்கே போய்க்கொண்டிருந்தது. மிச்சம் மண்ணெண்ணெய்ப் பெட்டி. அடியில் சின்ன விளக்கு எரியும், அந்தச் சூட்டில் உள்ளே குளிரும். எப்படி என்று எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி நிற்பதுதானே வியாபாரம்? விளக்கைக் கொளுத்திவிட்டு மறுநாள் வரச் சொன்னேன். வந்து, உள்ளே வைத்த தண்ணீர் கட்டியாகிக் கிடப்பதை ஐயா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அக்காதான் முடிவு சொன்னார்: "கீழ நெருப்பு, மேல ஐஸ். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நானும் இவரும் இப்பிடித்தானே இருக்கிறம். இதையே எடுப்பம் தம்பி."

விளக்கு வைக்கும் நேரம்

ஐயா வீட்டுத் தெருவிலேயே இருந்த மாட்டு வண்டிக்காரர் முத்தையா, பெட்டியை நிற்க வைத்தபடியே கொண்டுபோய் இறக்கினார். கொஞ்ச நாளில் ஐயா கடைக்கு ஓடி வந்தார். பெட்டி குளிரவில்லையாம். போய்ப் பார்த்தால், பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம், தலையில் செம்பருத்திப் பூ, அடியில் கரும்புகை. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அந்தி சாய்ந்ததும், விளக்கு வைக்கும் நேரத்தில், அக்கா தினமும் அந்தத் திரியையும் தூண்டிவிட்டிருக்கிறார். லட்சுமி வருகிற வேளையில் வீட்டில் ஒரு விளக்கு மங்கலாக எரியலாமா? சுடர் பெரிதாகி, புகைக்குழாயில் கரி அடைத்துக்கொண்டது.

மருந்துப் புட்டிகளை ஈரத்துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார் ஐயா. ஒரு கை விடாமல் துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. ஊரில் எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட கை அது. நான் கரியைச் சுரண்டி, திரியைக் கத்தரித்து, சுடரை நீலமாக வைத்தேன். மறுபடி குளிர் பிடிக்கும்வரை மூவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். "லட்சுமிக்குச் சாமி படத்துக்கு முன்னால தனியா விளக்கு வைங்கக்கா. இதைத் தொடவே தொடாதீங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "பூ மட்டும் வைக்கலாந்தானே தம்பி?"

தொப்பியைக் கழற்றியவன்

அதிகாரிகளின் வீடுகளுக்காக ஜப்பான் சிப்பாய்கள் ஊருக்குள் புகுந்து சாமான்களைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் ஐயா வீட்டுக்குத் திரி கத்தரிக்கப் போயிருந்தபோது இரண்டு பேர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஒருவன் நேராகச் சமையல்கட்டுக்கு வந்தான். பெட்டி போனால் மருந்து போச்சு, மருந்து போனால் அக்கா போச்சு.

அவன் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான். பூவைப் பார்த்தான், குங்குமத்தைப் பார்த்தான், ஊதுபத்தியைப் பார்த்தான், குனிந்து அடியில் எரிகிற விளக்கையும் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டான். கூட வந்தவனையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். போகிற போக்கில் கோழிகளைப் பிடித்துக்கொண்டு போனது வேறு விஷயம். அக்கா வாசலைப் பார்த்துச் சொன்னார்: "கோழி போனாப் போகட்டும். அவனைப் பெத்தவ நல்லா இருக்கட்டும்."

கிழங்குக்கு எதற்கு வெளிச்சம்

அப்புறம் மண்ணெண்ணெய்க்கே தட்டுப்பாடு வந்தது. தேங்காயெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். புகைந்ததே தவிர குளிரவில்லை. தவுக்கே தனக்கென்று வைத்திருந்ததில் கொஞ்சம் கொடுத்தார். அதுவும் தீர்ந்தது. ஒரு நாள் பொழுது சாயும் வேளையில், எண்ணெய் கிடைக்கவில்லை என்று சொல்வதற்காகவே காலி டின்னோடு சிலிபினுக்கு நடந்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

ஐயா வீட்டு வாசற்படியில் சின்னதும் பெரியதுமாகப் புட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய். தெருக்காரர்கள் ரேஷனில் வாங்கியதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லிக்கொள்ளவுமில்லை. அக்கா படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்கும் தாங்கவில்லை. டின்னை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். ஒரு வீட்டிலும் விளக்கில்லை. முத்தையா இருட்டில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்க வீட்டுக்காவது கொஞ்சம் வச்சுக்கக் கூடாதாண்ணே?" என்றேன். வாயில் கிழங்கோடு அவர் சொன்னார்: "மரவள்ளிக்கெழங்கு திங்கிறதுக்கு வெளிச்சம் எதுக்கு தம்பி? கண்ணால பாத்தா தொண்டையில எறங்க மாட்டேங்குது லா."

ஜப்பான்காரன் போன அன்று பொன்னம்மா அக்கா தன் காலால் நடந்து ரோட்டுக்கு வந்து, எங்களோடு நின்று வேடிக்கை பார்த்தார். அந்தத் தெருவை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாகக் குவிகிறது.

நான் விற்றது வெறும் பெட்டிதான், அதைக் குளிர வைத்தது அந்தத் தெரு என்பது நல்லவேளையாக எங்கள் தவுக்கேவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தெருவையும் கடையில் கொண்டுவந்து நிறுத்தி விலை சொல்லச் சொல்லியிருப்பார்.