மலை ஏறாத மே மாதம்

விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போவது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்துவந்தவள் என் மனைவிதான். நான் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவன். கடைக்கு வருகிறவர்களிடம் நாள் முழுவதும் பேசிவிடுவேன். வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு வாய் வராது. மே மாதம் அவள் எந்த ஊரைச் சொல்கிறாளோ, அந்த ஊருக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன்.

அவள் போன கார்த்திகையில் இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மே மாதம் வந்தபோது எங்கள் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிக்கக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருந்தது. அங்கே விடுதிக்குப் போய்விட்டால், பிறகு எப்போது இப்படிச் சேர்ந்தாற்போல் அவளோடு இருக்க முடியும் என்று தெரியவில்லை. அதற்குள் அவளை ஓர் ஊருக்காவது கூட்டிப்போய் வந்துவிட வேண்டும் என்று இருந்தது.

எந்த ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொடைக்கானல்தான். பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது மகள் போகவில்லை. அப்போது என் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. எங்கள் பக்கம் சாவு விழுந்தால், பங்காளிகள் வருஷம் திரும்பும்வரை மலை ஏறமாட்டார்கள். கோயில் உள்ள மலை என்று மட்டும் இல்லை, எங்கள் குடும்பத்தில் எந்த மலையும் கூடாது. ‘பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான, போவட்டும்’ என்று என் அண்ணனே சொன்னார். மனைவிதான் விடவில்லை.

“தாத்தாவுக்கு வருசம் கழியட்டும். பிளஸ் டூ முழுப்பரீட்சை முடிஞ்ச லீவுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்” என்று மகளைச் சமாதானம் செய்தாள். மகள் அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள். அம்மா சொன்ன விடுமுறைதான் இப்போது வந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து மனைவியின் அக்காவும் வந்தார். அவர் வீட்டார் பங்காளி இல்லை என்பதால் அவர்களுக்கு மலைக் கட்டு கிடையாது. கொடைக்கானலுக்கு வேன் பேசியிருந்தார்கள்.

“நீங்களும் பிள்ளையும் வாங்க தம்பி. வேன்ல எடம் கெடக்கு.”

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “வருசம் திரும்பலையே, எப்படி மலை ஏறுவாவ?”

“அவ அம்மா வாயால சொன்ன ஊரு அண்ணாச்சி. அன்னைக்கு தாத்தாவுக்கு நீங்களே போவட்டும்னு தான சொன்னிய?”

“தாத்தாவுக்கு வேற, பெத்த தாயிக்கு வேற. நான் எங்கயுமே போவண்டாம்னா சொல்லுதேன்? தரையில ஊரே இல்லையா? கடலப் பாத்துட்டு வரட்டும். கூடங்குளத்துல நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான், அங்கன தங்கிக்கிடலாம்.”

“கூடங்குளத்துல என்னத்தப் பாக்க? கரண்டு எங்கன இருந்து வருதுன்னா?”

அடுக்களை வாசலில் நின்ற மகள் சிரித்துவிட்டாள். கார்த்திகைக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. அண்ணனுக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

“அப்பம் எங்க வீட்டுக்கு வரட்டும். சேரன்மகாதேவி ஆத்துல ஆசை தீரக் குளிக்கட்டும்.”

“ஆமா, லீவுக்கு சேரன்மகாதேவிக்கு டூர் போனேன்னு காலேஜில போயி சொல்லிக்கிடட்டும்.”

நான் மெதுவாக, “குற்றாலம்...” என்றேன்.

“மே மாசம் குத்தாலத்துல பாறையத்தாம்லே பாக்கணும். தண்ணிக்கு எங்க போவ?” என்றார் அண்ணன்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி இருந்திருந்தால் இந்நேரம் பேச்சை முடித்திருப்பாள். “அண்ணே, நாங்க கொடைக்கானலுக்கே போறோம்” என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏலே, நீயா பேசுத?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கழித்து, “ஒம் பிள்ள. நீ பாத்துச் செய்யி” என்றார்.

“வேண்டாம்ப்பா” என்றாள் மகள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“பெரியப்பா சொல்லுதாங்கன்னு இல்ல. தாத்தாவுக்காக அம்மா அன்னைக்கு என்ன விடல. இப்பம் அம்மாவுக்கு வருசம் திரும்பாம நான் போனேன்னா, தாத்தாவ விட அம்மா கொறஞ்சவளாப்பா?”

மனைவியின் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் எழுந்துபோய் வாசலில் நின்றார்.

வேன் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. நாங்கள் பஸ் ஏறிச் சேரன்மகாதேவிக்குப் போனோம். காலை வெயிலில் ஆறு முழங்கால் அளவுதான் ஓடியது. கொஞ்சம் ஆழமான இடம் பார்த்து மகள் கழுத்துவரை உட்கார்ந்தாள். நான் கரையில் அவளுடைய துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பேருமே அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

“ஏப்பா, நர்சிங்ல மே மாசம் லீவு விடுவாங்களா?” என்று தண்ணீருக்குள்ளிருந்து கேட்டாள்.

“விடுவாங்கம்மா” என்றேன். எனக்குத் தெரியாது. அவள் நம்பியதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூழ்கினாள்.