ஆவரேஜில் பெய்த மழை

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். பலதும் மறந்துபோயிற்று. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷத்துக் கோபம் மட்டும் மறக்கவில்லை.

இந்தத் தீவில், மாயாபந்தருக்கு உள்ளே, காடு வெட்டிய இடத்தில் எங்களுக்கு வயல் கொடுத்திருந்தார்கள். அறுபதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். விவசாய ஆபீஸிலிருந்து ஒரு தமிழ்க்காரர் வந்தார். இந்த வருஷம் பருவமழை சரியாக இருக்கும் என்று மெயின்லேண்டில் கணக்குப் போட்டிருக்கிறார்களாம், முதல் மழைக்கே நாற்றுவிடச் சொன்னார். மழையும் பெய்தது. என் வீட்டுக்காரர் இருந்த விதைநெல்லை எல்லாம் கொட்டினார். பாதியை வைக்கலாமே என்று மெல்லச் சொன்னேன்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. படிச்சவுக சொல்றாக" என்றார்.

அதோடு மழை நின்றது. உப்பங்கழிக்கு அந்தப் பக்கத்து மலையில் மட்டும் தினம் கறுத்துக் கொட்டியது. இரைச்சல் எங்கள் வாசல்வரை கேட்கும். எங்கள் நாற்றங்காலில் ஒரு சொட்டு விழவில்லை. கழித்தண்ணீர் உப்பு, அள்ளி ஊற்றவும் வழியில்லை. நாற்று மஞ்சளாகிக் கருகிற்று.

ஆபீஸர் மறுபடி எங்கள் வாசலுக்கு வந்தார். பக்கத்து வயல் வங்காளத்து அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். "பாபு, பாரிஷ் கிதர் ஹை?" என்று, மழை எங்கே என்று கேட்டாள்.

அவர் எங்களைப் பார்த்து, "மழை ஆவரேஜ்லதாம்மா இருக்கு" என்றார்.

அந்தச் சொல் எங்களுக்குத் தெரியாது. லாங் ஐலண்ட், குட்வில் எஸ்டேட் என்று இங்கே ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் பெயர்தானே? என் வீட்டுக்காரர் கும்பிட்டபடி கேட்டார்: "ஆவரேஜ் எங்கிட்டு இருக்குங்கய்யா? அங்கன போயி நாத்து வாங்கலாமா? போட்டுல ஏறிப் போகலாமா?"

அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ், அது ஊரு இல்லய்யா. எல்லா எடத்து மழையையும் கூட்டி வகுத்தா வர்றது. கணக்கு சரியாத்தான்யா வந்திருக்கு."

அக்கரையில் கொட்டியதை எங்கள் பங்கிலும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். அவர் கையிலிருந்த குடையைப் பிடுங்கி ஒடிக்க வேண்டும் போலிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

இப்போது டிவியில் ஒருவர் சொல்கிறார், மழையைக் கணிக்கக் கம்ப்யூட்டர் பூமியைப் பெரிய பெரிய கட்டமாகப் பிரிக்குமாம், ஒரு கட்டத்துக்கு ஒரே மழையாம். எங்கள் மாதிரி வெயில் நாட்டில் மேகம் ஒரு மலைமேல் முளைத்து அங்கேயே கொட்டித் தீர்ந்துவிடும். கட்டத்துக்குள் அது தெரியாது. சின்னத் தீவென்றால் அதுவும் கடலாகவே கணக்காகிவிடும். அதனால்தான் பருவமழைக் கணக்கு தப்பிப்போகிறதாம். இதை அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம் வயல் தரிசாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ரோடு வேலைக்குக் கூலியாகப் போனார். ஆபீஸ்காரர் யார் வந்தாலும் அதற்குப் பிறகு, சாகும்வரை, அவர் வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லை. அந்த ஆபீஸர் சிரித்ததை நான் மன்னிக்க மாட்டேன்.

நாற்றுவிட்டது வைகாசியா ஆனியா என்று நிச்சயமில்லை. கட்டத்தைப் பற்றி எழுதியதும் சரியா தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.